கையெழுத்து சரியா இருக்கு, ஆனா ஒரே பூ வரவு ரெண்டு தடவை ஏறுது. ஏபிஐ ரிக்வெஸ்ட்டை (ஆப் சர்வருக்கு அனுப்புற கோரிக்கையை) எப்படிக் காப்பாத்துறது?

மல்லிச்சரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நாலு கமிஷன் கடைகளுக்கு வரவு எழுதுற ஆப் ஒண்ணு செஞ்சு கொடுத்து, நானே பார்த்துக்கிட்டும் இருக்கேன். எங்கப்பா அதே மார்க்கெட்டில் கணக்கு எழுதினவர். அதனால இது எனக்கு வெறும் புராஜெக்ட் இல்லை.

விவசாயி பூவைக் கொண்டுவந்து எடை போட்டதும் கணக்குப்பிள்ளை டேப்லெட்டில் அவர் நம்பர், ஊர், எடை எல்லாம் தட்டிச் சேமிப்பார். அது என் சர்வருக்கு வரும். சாயங்காலம் அதை வச்சுத்தான் பட்டுவாடா.

போன முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியக்காலை 4:50-க்கு ஒரு பெரியவர் 12 கிலோ 400 கிராம் மல்லிகை போட்டார். அன்னைக்குக் கிலோ 900. வரவேண்டியது 11,160 ரூபாய். கணக்கில் 22,320 நின்னுச்சு. முதலாளி கடையில் எல்லார் முன்னாடியும், "என்னய்யா, ரெண்டு தடவை எடை சொன்னியா?"ன்னு கேட்டுட்டார். பெரியவர் ஒரு வார்த்தை பேசலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு அப்படியே நின்னார். நான் அப்ப அங்கதான் இருந்தேன். தப்பு என் சர்வரில். அதுக்கப்புறம் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடக்கூட முடியலை.

நான் செஞ்சிருக்கிறது இதுதான். கடைக்கு ஒரு ரகசியச் சாவி. டேப்லெட் ரிக்வெஸ்ட் பாடியை (உள்ளே இருக்கிற வரவு விவரத்தை) அந்தச் சாவியோட எச்மேக் ஷா-256 முறையில் கணக்குப் போட்டு, வர்ற மதிப்பைக் கையெழுத்தா ஹெடரில் (மேலே ஒட்டுற குறிப்பில்) வச்சு அனுப்பும். எந்தச் சாவின்னு சொல்ற ஐடியும் ஹெடரில் இருக்கும். சர்வர் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தினா ஏத்துக்கும். போற வழியில் யாரும் படிக்க முடியாம மறைக்கிற எச்டிடிபிஎஸ்ஸும் இருக்கு.

பெரியவர் விஷயத்துக்கு அப்புறம் உக்கார்ந்து சோதிச்சேன். சர்வர் பதிவேடான லாகிலிருந்து மூணு நாள் பழைய ரிக்வெஸ்ட் ஒண்ணை ஹெடரோட எடுத்து என் லேப்டாப்பிலிருந்து அனுப்பினேன். சரின்னு சொல்ற 200 பதில் வந்து, புது வரவா ஏறிடுச்சு. அடுத்து அதே ரிக்வெஸ்ட்டில் யூஆர்எல்லில் இருக்கிற கடை நம்பரை மட்டும் 1-லிருந்து 3 ஆக்கினேன். அதுவும் ஏறுச்சு, வேற கடை கணக்கில்! யாரும் இதுவரை அப்படிச் செய்யலை. ஆனா செய்ய முடியும்னு தெரிஞ்ச பிறகு நிம்மதி இல்லை.

இன்னொரு தொல்லையும் இருக்கு. ஊர்ப் பேரைத் தமிழில் எழுத வச்சதிலிருந்து சில வரவுகள் "கையெழுத்து பொருந்தவில்லை"ன்னு திரும்புது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் எல்லாம் போகுது. சோழவந்தான், கொட்டாம்பட்டி போகமாட்டேங்குது. அதுவும் எல்லா டேப்லெட்டிலும் இல்லை, ஒரு கடையில் மட்டும். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

---

கூடலழகி

தம்பி, பணப் பரிவர்த்தனை சர்வர்களோட பதினோரு வருஷம் சென்னையில் மல்லுக்கட்டிட்டு இப்ப மதுரைக்குத் திரும்பி வந்திருக்கேன். நீங்க கேட்ட ஒவ்வொண்ணையும் நான் ஒரு ராத்திரி விழிச்சுப் பார்த்தவள். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

உங்கப்பா கணக்கு எழுதினவர்னா கடையில் பில் குத்துற கம்பி ஒண்ணு இருந்திருக்கும். விவசாயி கையில் துண்டுச்சீட்டு கொடுப்பாங்க. அதில் கணக்குப்பிள்ளை கையெழுத்து. சாயங்காலம் அந்தச் சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்குவார். பணம் கொடுத்த கையோட சீட்டைக் கம்பியில் குத்திடுவாங்க. கையெழுத்து எதுக்கு? இந்தச் சீட்டைக் கடைதான் கொடுத்தது, எடையை யாரும் திருத்தலைன்னு காட்டுறதுக்கு. கம்பி எதுக்கு? அதே சீட்டு ரெண்டாம் தடவை வராம இருக்கிறதுக்கு. உங்க ஏபிஐயில் கையெழுத்து இருக்கு, கம்பி இல்லை. எச்மேக் தன் வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கு. ஒரு சீட்டு எத்தனை தடவை வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அது அதோட வேலையும் இல்லை.

முதலில் கடை நம்பர் மாறின கதை. நீங்க பாடிக்கு மட்டும் கையெழுத்துப் போடுறீங்க. யூஆர்எல், மெத்தட் (என்ன செய்யணும்னு சர்வருக்குச் சொல்ற சொல்) எல்லாம் கையெழுத்துக்கு வெளியே கிடக்கு. சீட்டில் எடைக்குக் கீழே கையெழுத்து, கடைப் பேர் மட்டும் பென்சிலில் எழுதின மாதிரி. சர்வர் எதையெல்லாம் வச்சு முடிவெடுக்குதோ அது எல்லாம் கையெழுத்துக்குள் வரணும்: மெத்தட், ஹோஸ்ட் (சர்வர் பேர்), யூஆர்எல் பாதை, கேள்விக்குறிக்குப் பின்னாடி வர்றது, நேரம், ஒருமுறை எண் (ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் போடுற எண்), சாவி ஐடி, பாடியின் ஷா-256.

இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே வரியா ஆக்கிடாதீங்க. கடை 1, விவசாயி 23-ன்னா ஒட்டினா 123. கடை 12, விவசாயி 3-ன்னாலும் 123. ரெண்டு வேற வரவுக்கு ஒரே கையெழுத்து! இது கற்பனை இல்லை. 2008-ல் அமேசான் வெப் சர்வீஸோட கையெழுத்து முறையின் பதிப்பு 1-ல் இதே ஓட்டையைக் காலின் பெர்சிவல்ங்கிற பாதுகாப்பு ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். அதனால ஒவ்வொண்ணும் தனி வரியில், வரிசை மாறாம, இல்லாதது காலி வரியா நிக்கணும். எந்த மதிப்புக்குள்ளும் வரிமுறிவு வரக்கூடாது.

யூஆர்எல்லைக் கையெழுத்துக்குள் கொண்டுவந்தாலும் வேலை பாதிதான் முடியும். முதல் கடை டேப்லெட்டே தன் சாவியால் மூணாவது கடை யூஆர்எல்லுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினா அது செல்லுபடியான கையெழுத்துதான். "இந்தச் சாவி இந்தக் கடைக்கு உரியதா?"ன்னு சர்வர் தனியாக் கேட்கணும். கையெழுத்து சரியானதும் உள்ளே விட்டுடுறது நிறைய பேர் செய்யுற தப்பு.

அடுத்து சோழவந்தான். இதைப் படிச்சதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு, ஏன்னா நானும் இதில் அடிபட்டிருக்கேன். போகாத ஊர்களைப் பாருங்க: சோ, கொ. போற ஊர்களில் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்து ஒண்ணுகூட இல்லை. கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் "சோ"வை ரெண்டு விதமா எழுதலாம். ச-வுக்குப் பின்னாடி ஓகாரக் குறி ஒரே குறியீடாவும் வரலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியீடாவும் வரலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. யூடிஎஃப்-8இல் முதல் விதத்தில் "சோழவந்தான்" 30 பைட், ரெண்டாவது விதத்தில் 33 பைட். எச்மேக் எழுத்தைப் பார்க்காது, பைட்டைத்தான் பார்க்கும்.

அந்த ஒரு கடை டேப்லெட்டில் மட்டும் வேற கீபோர்ட் போட்டிருப்பாங்க, அது கொம்பையும் காலையும் பிரிச்சு அனுப்புது. உங்க சர்வரில் எங்கேயோ, கையெழுத்தைச் சரிபார்க்கிறதுக்கு முன்னாடி, எழுத்தை ஒரே வடிவத்துக்கு மாத்துற, அதாவது நார்மலைஸ் பண்ற, கோடு வரி ஒண்ணு இருக்கணும். அது 33 பைட்டை 30 ஆக்கிடும். கையெழுத்து உடையும். தேடிப் பாருங்க.

மருந்து என்னன்னா, சர்வருக்கு வந்த பாடியை வந்த பைட்டாவே வச்சுக் கையெழுத்தைப் பாருங்க. அதுக்கப்புறம்தான் பாடி எழுதியிருக்கிற வடிவமான ஜேசனைப் பிரிக்கிறது, நார்மலைஸ் பண்றது எல்லாம். பிரிச்சுட்டுத் திரும்ப ஜேசனாக்கிக் கையெழுத்துப் பார்த்தா விதவிதமா உடையும். பைதான் இயல்பாவே காற்புள்ளிக்குப் பின்னாடி ஒரு இடம் விடும், தமிழ் எழுத்தை எல்லாம் எண் வடிவத்துக்கு மாத்திடும். ஜாவாஸ்கிரிப்ட் ரெண்டையும் செய்யாது. பிஎச்பி சாய்கோட்டுக்கு முன்னாடி இன்னொரு கோடு போடும். எடையை 12.40-ன்னு அனுப்பினா திரும்பி 12.4 ஆகும். எடையைக் கிராமில் முழு எண்ணா அனுப்புங்க, 12400. இது கையெழுத்துக்கு மட்டும் இல்லை, பணக் கணக்குக்கே நல்லது.

நேரமும் ஒருமுறை எண்ணும் பத்தி அடுத்த பதிவில். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிட்டு வரணும்.

---

திருநகர்வாசி

ஒரு சந்தேகம். எச்டிடிபிஎஸ் இருக்கும்போது நடுவில் யார் பார்க்கப்போறா? இவ்வளவு தேவையா?

---

மல்லிச்சரம்

சார், எச்டிடிபிஎஸ் டேப்லெட்டிலிருந்து சர்வர் வரைக்கும் போற வழியைத்தான் காக்குது. என் லாகில் பாடி, ஹெடர், கையெழுத்து எல்லாம் அப்படியே கிடந்துச்சு. அந்த லாகை நானும், ஹெல்ப்புக்கு வச்சிருக்கிற பையனும், ஹோஸ்டிங்கில் லாக் சேகரிக்கிற இடமும் பார்க்கலாம். நான் சோதிச்சதே அதை எடுத்துத்தான். இப்ப லாகில் கையெழுத்தை மறைச்சுட்டேன்.

அக்கா, நார்மலைஸ் வரி கிடைச்சுடுச்சு. பேர் தேடும்போது வசதியா இருக்கட்டும்னு நான்தான் ஆறு மாசம் முன்னாடி மிடில்வேரில் (ரிக்வெஸ்ட் முதலில் கடந்து வர்ற கோடில்) போட்டிருக்கேன். கையெழுத்துச் சோதனைக்குப் பின்னாடி தள்ளினேன். சோழவந்தான் போகுது, கொட்டாம்பட்டியும் போகுது. அந்தக் கடை டேப்லெட்டில் நீங்க சொன்ன மாதிரியே வேற கீபோர்ட்.

---

கூடலழகி

சந்தோஷம் தம்பி. இப்பக் கம்பிக்கு வர்றேன்.

டேப்லெட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் ரெண்டு விஷயம் வைக்கணும். ஒண்ணு, அனுப்புற நேரம், யூனிக்ஸ் விநாடியில், அதாவது ஒரே எண்ணா. இந்திய நேரத்தை எழுத்தில் எழுதாதீங்க. ஒரு பக்கம் இந்திய நேரம், மறுபக்கம் உலகப் பொது நேரமான யூடிசின்னு ஆச்சுன்னா 19,800 விநாடி தள்ளி நிக்கும், எல்லாமே திரும்பும். இன்னொண்ணு, நான்ஸ்னு சொல்ற ஒருமுறை எண், நல்ல ரேண்டமா 128 பிட். ரெண்டும் கையெழுத்துக்குள்.

நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தள்ளி இருந்தா சர்வர் மறுக்கணும். பணப் பரிவர்த்தனைக் கம்பெனியான ஸ்ட்ரைப், தான் அனுப்புற தகவலை (வெப்ஹுக்) சரிபார்க்கக் கொடுக்கிற லைப்ரரிகளில் இயல்பா வச்சிருக்கிறதும் ஐந்து நிமிஷம்தான். அதுக்குள் வந்த ஒருமுறை எண்களை ஞாபகம் வச்சு, திரும்ப வந்தா மறுக்கணும்.

நேரம் ஏன் வேணும், எண் மட்டும் போதாதான்னு கேட்பீங்க. எண் மட்டும் வச்சா கம்பியில் குத்தின சீட்டைக் காலத்துக்கும் தூக்கிப் போட முடியாது. நேரம் இருந்தா பழைய சீட்டைத் தேதி பார்த்தே மறுத்துடலாம், கம்பியில் கொஞ்ச நேரத்துச் சீட்டு இருந்தா போதும். ஆனா இங்கே ஒரு இடறல் இருக்கு. முன்னும் பின்னும் ஐந்து நிமிஷம் விட்டா, டேப்லெட் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுச்சுன்னு வைங்க, அந்த ரிக்வெஸ்ட் மொத்தம் பத்து நிமிஷம் செல்லும். ஒருமுறை எண்ணை ஐந்து நிமிஷத்தில் அழிச்சா மீதி ஐந்து நிமிஷம் கதவு திறந்திருக்கும். பத்துக்கு மேலேயே வைங்க. நான் பதினஞ்சு வைப்பேன்.

இதுக்கெல்லாம் அப்புறமும் உங்க பெரியவர் கணக்கு ரெண்டு தடவை ஏறும். இதைத்தான் முக்கியமாச் சொல்ல வந்தேன். அன்னைக்கு நடந்தது தாக்குதல் இல்லை, சிக்னல். டேப்லெட் அனுப்புச்சு, சர்வர் எழுதிடுச்சு, பதில் வர்ற வழியில் செத்துப் போச்சு. டேப்லெட் "போகலை"ன்னு நினைச்சுத் திரும்ப அனுப்புச்சு. ஒருமுறை எண் வச்சாலும், டேப்லெட் மறுமுயற்சிக்குப் புது எண் போட்டுப் புதுசாக் கையெழுத்துப் போடும். சர்வர் பார்வையில் அது புத்தம் புது ரிக்வெஸ்ட், ஏத்துக்கும்.

அதனால வரவுக்குன்னு தனி எண் வேணும், ரிக்வெஸ்ட் எண்ணோட அதைக் குழப்பக்கூடாது. கணக்குப்பிள்ளை "சேமி" தட்டின நொடியில் அந்த எண் பிறக்கணும், டேப்லெட்டிலேயே எழுதி வைக்கணும். எத்தனை தடவை அனுப்பினாலும் அது மாறாது. நேரமும் ஒருமுறை எண்ணும் ஒவ்வொரு தடவையும் மாறும். சர்வர் அந்த வரவு எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தா, முதலில் கொடுத்த அதே பதிலைத் திரும்பக் கொடுக்கணும், புதுசா எழுதக்கூடாது. அதே எண், ஆனா எடை வேறன்னா மறுத்து, முரண்பாடுன்னு சொல்ற 409 பதிலை அனுப்பணும். அங்கே ஏதோ கோளாறு, மனுஷர் பார்க்கணும்.

சிக்னல் இல்லாம நாற்பது நிமிஷம் வரவுகள் டேப்லெட்டில் வரிசையா நின்னா, கையெழுத்தை எடை போட்டப்பப் போடாதீங்க, அனுப்புறப்பப் போடுங்க. இல்லைன்னா எல்லாம் காலாவதி ஆகியிருக்கும். எடை போட்ட நேரம் பாடிக்குள் தனிப் புலமா இருக்கட்டும்.

---

திருநகர்வாசி

அக்கா சொன்னது விளங்குச்சு. நான் ஒரு இடத்தில் பட்ட அனுபவத்தைச் சேர்க்கிறேன். "இந்த எண் இருக்கா?"ன்னு பார்த்துட்டு, இல்லைன்னா எழுதுறதுன்னு ரெண்டு படியா வச்சிருந்தோம். ஒரே ரிக்வெஸ்ட் ரெண்டு ஒரே மில்லி விநாடியில் வந்துச்சு. ரெண்டும் "இல்லை"ன்னு பதில் வாங்கி ரெண்டும் எழுதிடுச்சு. ஒருமுறை எண்ணுக்கு, மெமரியில் வேகமா எழுதி வைக்கிற ரெடிஸில் "இல்லாவிட்டால் மட்டும் எழுது"ங்கிற வசதியைக் காலாவதி நேரத்தோட ஒரே கட்டளையா அனுப்புங்க. வரவு எண்ணுக்கு டேட்டாபேஸ் டேபிளில் யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் ரெண்டு தடவை ஏறக்கூடாதுங்கிற விதி) போட்டுடுங்க. கோடில் எத்தனை இஃப் போட்டாலும் அதுக்கு ஈடாகாது.

வரிசையும் முக்கியம். கையெழுத்து சரின்னு தெரிஞ்ச பிறகுதான் ஒருமுறை எண்ணை ரெடிஸில் எழுதணும். முன்னாடியே எழுதினா சாவி இல்லாத எவனும் குப்பை எண்களை அனுப்பி மெமரியை நிரப்பிடுவான்.

---

மல்லிச்சரம்

ரெண்டு பேருக்கும் நன்றி. முந்தாநாள் ரெண்டு கடையில் மாத்தினேன். பெரும்பாலும் சரி. ஆனா ஒரு டேப்லெட் விடியக்காலையிலிருந்து அத்தனையும் மறுப்பு. போய்ப் பார்த்தா அதோட கடிகாரம் 7 நிமிஷம் முந்தி ஓடுது. கணக்குப்பிள்ளை, "நேரத்துக்கு வரணும்னு நான்தான்ப்பா முந்தி வச்சேன்"னார். இந்த மாதிரிக் கடிகாரத்தைச் சரிபண்ற வரைக்கும் ஐந்து நிமிஷத்தை ஒரு மணி நேரமா ஆக்கிடலாமா?

---

கூடலழகி

வேண்டாம் தம்பி. ஒரு மணி நேரம்னா பழைய சீட்டு ஒரு மணி நேரம் செல்லும், ஒருமுறை எண்களையும் ரெண்டு மணி நேரம் சுமக்கணும். பதிலா, நேரம் தள்ளி இருக்குன்னு மறுக்கும்போது சர்வர் தன் நேரத்தைப் பதிலில் சொல்லட்டும். டேப்லெட் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, அதைக் கழிச்சுப் புதுசாக் கையெழுத்துப் போட்டு ஒரே ஒரு தடவை திரும்ப முயற்சி பண்ணட்டும். கணக்குப்பிள்ளை கடிகாரத்தில் கை வைக்க வேண்டாம். அது அவர் வழக்கம், நம்ம கோடுதான் வளைஞ்சு போகணும்.

விட்டுப் போனதைச் சொல்லிடுறேன். கையெழுத்தை ஒப்பிட ரெண்டு சமக்குறி போடாதீங்க. எங்கே முதல் எழுத்து வேறுபடுதோ அங்கேயே நின்னுடும், அந்த நேர வித்தியாசமே துப்பு கொடுக்கும். எங்கே வேறுபட்டாலும் ஒரே நேரம் எடுத்து ஒப்பிடுற ஃபங்ஷன் பெரும்பாலான புரோகிராமிங் மொழிகளில் இருக்கு. எச்மேக்கை விட்டுட்டுச் சாவியையும் செய்தியையும் ஒட்டி ஷா-256 போடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. சாவி தெரியாமலே கடைசியில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் செல்லுபடியான ஹாஷை உண்டாக்கலாம். 2009-ல் ஃபோட்டோ தளமான ஃப்ளிக்கரோட ஏபிஐயில் தாய் துவாங், ஜூலியானோ ரிஸ்ஸோங்கிற ரெண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செஞ்சே காட்டினாங்க. அங்கே இருந்தது எம்டி5ங்கிற பழைய ஹாஷ் முறை, ஆனா ஷா-256க்கும் அதே பலவீனம் உண்டு. அதைத் தடுக்கிற விதமாத்தான் எச்மேக்கின் அமைப்பே இருக்கு. 1997-ல் ஆர்எஃப்சி 2104-ங்கிற இன்டர்நெட் ஆவணமா வந்தது, இன்னைக்கும் நிக்குது. புதுசாத் தொடங்குறவங்க 2024 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 9421-ஐப் பாருங்க, எச்டிடிபி செய்திக்குக் கையெழுத்துப் போடுற பொது முறை அதில் இருக்கு.

கடைக்கு ஒரு சாவின்னு சொன்னீங்களே, டேப்லெட்டுக்கு ஒண்ணா மாத்துங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே மார்க்கெட். ஒரு டேப்லெட் காணாமப் போனா அந்த ஒரு சாவியை மட்டும் ரத்து செய்யலாம், மத்ததில் வரவு நிக்காது. சாவியை ஆப் கோடுக்குள் எழுதாதீங்க, ஆப் ஃபைலான ஏபிகேயைப் பிரிச்சா ரெண்டு நிமிஷத்தில் தெரியும். ஆண்ட்ராய்டு 6-லிருந்து, சாவிகளைப் பத்திரமா வைக்கிற கீஸ்டோரிலேயே எச்மேக் சாவியை வைக்கலாம். சாவி மாத்தும்போது பழசும் புதுசும் ரெண்டு நாள் சேர்ந்து ஓடட்டும்.

---

மல்லிச்சரம்

அக்கா, எல்லாம் மாத்தியாச்சு. இன்னைக்கு வேணும்னே ஒரு டேப்லெட்டில் அனுப்பின உடனே வைஃபையை அணைச்சு, திரும்பப் போட்டு, பத்துத் தடவை முயற்சி பண்ண வச்சேன். வரவு ஒண்ணுதான் நிக்குது. பழைய லாக் ரிக்வெஸ்ட்டும் மறுப்பு, கடை நம்பர் மாத்தினதும் மறுப்பு.

காலையில் அந்தப் பெரியவர் வந்திருந்தார், 9 கிலோ. முதலாளியைக் கூப்பிட்டு, அவர் இருக்கும்போதே, "அன்னைக்குத் தப்பு என் கம்ப்யூட்டர் மேலண்ணே, ஐயா ஒரு தடவைதான் போட்டார்"னு ஸ்கிரீனில் ரெண்டு வரவுக்கும் ஒரே எடை, 4 விநாடி வித்தியாசம்னு காட்டினேன். முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மனசுல வச்சுக்காதீங்கய்யா"ன்னு டீ வாங்கிக் கொடுத்தார். பெரியவர் என்னைப் பார்த்து, "உங்கப்பா கம்பியில குத்துவாருய்யா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"ன்னார்.

நாளைக்கு விடியக்காலை மூணாவது கடையில் மாத்துறேன்.